ஜார்ஜ் மீனியும் 1972 மாநாட்டு விதிகளும்

1972-ல் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓ, ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மெக்கவர்னை ஆதரிக்க மறுத்தது. கூட்டமைப்பின் தலைவர் ஜார்ஜ் மீனி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி பிளம்பர், கத்தோலிக்கர், வியட்நாம் போரை ஆதரித்தவர். போர் எதிர்ப்பு மாணவர்களையும் தன்பாலின உரிமை கேட்டவர்களையும் கண்டாலே அவருக்கு ஆகாது. அதை வைத்து இந்தப் பிளவைக் கலாசாரச் சண்டை என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜனாதிபதி வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில்தான் சண்டை முற்றியது.

1968 வரை பல மாநிலங்களில் கட்சிக் கமிட்டியும் உள்ளூர்ப் பெருந்தலைகளும் கூடிப் பேசிப் பிரதிநிதிகளை முடிவு செய்தார்கள். சில இடங்களில் முந்தைய ஆண்டே பட்டியல் தயார். அந்தப் பேச்சில் சங்கத் தலைவருக்கும் பங்கு உண்டு, காரணம் வாக்காளரைத் திரட்டும் வேலை அவர் கையில் இருந்தது. 1968 தேர்தலில் கூட்டமைப்பின் அரசியல் பிரிவான ‘கோப்’ 46 லட்சம் பேரை வாக்காளர் பட்டியலில் சேர்த்தது. 638 ஊர்களில் தொலைபேசிப் பிரசாரம் நடந்தது, 72,000-க்கு மேற்பட்டோர் வீடு வீடாகப் போனார்கள். மூன்றாவது வேட்பாளராக நின்று நிறவெறி பேசிய அலபாமாக்காரர் ஜார்ஜ் வாலஸ் பக்கம் சாய்ந்த வடமாநிலத் தொழிலாளர்களிடம், அலபாமாவில் கூலி எவ்வளவு குறைவு என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள். பலர் திரும்பி வந்தார்கள். பிரைமரி எனும் மாநில முன்தேர்தல்களில் இறங்காமலே ஜனநாயகக் கட்சி வேட்பாளரான ஹம்ப்ரி, குடியரசுக் கட்சியின் நிக்சனிடம் சுமார் 5 லட்சம் வாக்கில்தான் தோற்றார்.

பிறகு ஜனநாயகக் கட்சி அமைத்த மெக்கவர்ன்-ஃப்ரேசர் சீர்திருத்தக் குழு விதிகளை மாற்றியது. முந்தைய ஆண்டே தேர்வு செய்யக் கூடாது. மாநிலக் கமிட்டி நியமிப்பது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெண்கள், இளைஞர்கள், சிறுபான்மையினர் மக்கள்தொகைக்கு ஓரளவு பொருந்தும் அளவில் இடம்பெற வேண்டும். பெண் பிரதிநிதிகள் 13 சதவீதத்திலிருந்து 40 ஆனார்கள். நியாயமான, வெகுகாலம் தாமதமான திருத்தம். ஆனால் வருமானத்துக்கோ தொழிலுக்கோ அப்படி ஓர் அளவு வைக்கவில்லை. பிரதிநிதிகளைத் தேர்வு செய்யும் உள்ளூர்க் கட்சிக் கூட்டமான காக்கஸில் மணிக்கணக்காக உட்கார்ந்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும். வக்கீலுக்கும் மாணவருக்கும் அது முடியும், இரவு ஷிஃப்ட் போகிறவருக்கு முடியாது.

இதில் மீனி தரப்பின் தவறு பெரியது. குழுவில் உருக்காலைச் சங்கத் தலைவர் ஐ. டபிள்யூ. ஏபலுக்கு இடம் இருந்தும் புறக்கணித்தார்கள். விதி எழுதும்போது ஒதுங்கி நின்றுவிட்டு, எழுதியபின் கத்திப் பயனில்லை.

இனப் பிரச்சினையிலும் மீனியிடம் முரண் இருந்தது. 1964 சிவில் உரிமைச் சட்டத்தில் வேலைவாய்ப்புப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தவர் அவர். அதே ஆண்டு, பிராங்க்ஸ் மார்க்கெட் கட்டுமானத்தில் ஒரு கறுப்பினத்தவரையும் மூன்று போர்ட்டோ ரிக்கோக்காரர்களையும் சேர்த்ததும் அவருடைய சொந்த பிளம்பர் சங்கத்தார் வெளிநடப்புச் செய்தார்கள். சங்கத்தில் இல்லாதவரோடு வேலை செய்ய முடியாது என்ற அவர்கள் வாதத்துக்கு மீனி துணை நின்றார். சங்கக் கதவு யாருக்குத் திறந்தது என்ற கேள்வியை அவர் தொடவில்லை. இளைய இடதுசாரிகளின் கோபத்துக்கு அதில் முழு நியாயம் உண்டு.

மெக்கவர்ன் மீதும் சங்க உரிமை சார்ந்த புகார் இருந்தது. சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தங்களை மாநிலங்கள் தடை செய்ய வழிவிடும் டாஃப்ட்-ஹார்ட்லி தொழிலாளர் சட்டத்தின் 14(பி) பிரிவை நீக்கும் மசோதா 1966-ல் செனட்டில் முடங்கியது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானத்தை எதிர்த்தவர்களில் மெக்கவர்னும் ஒருவர். சங்கக்காரர்கள் அதை மறக்கவில்லை.

1972 ஜூலையில் கூட்டமைப்பின் செயற்குழு 27-3 என்று நடுநிலைக்கு வாக்களித்தது. வாகனத் தொழிலாளர் சங்கம் அப்போது கூட்டமைப்புக்கு வெளியே இருந்தது. அதுவும், உள்ளே இருந்த அரசு ஊழியர், இயந்திரத் தொழிலாளர் சங்கங்களும் மெக்கவர்னுக்கே உழைத்தன. கோப் தன் பலத்தை அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் வேட்பாளர்கள் பக்கம் திருப்பியது. நிக்சன் 49 மாநிலங்களை அள்ளிய அதே நாளில், இரு அவைகளிலும் ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மையைத் தக்க வைத்தது.