சிற்றுயிர்களைப் படமெடுக்கப் பழகுதல்: வேலூரிலிருந்து

வேலூரில் இயற்கைப் படங்கள் எடுக்க விரும்புவோர் முதலில் அமிர்திக் காட்டையோ ஜவ்வாது மலையையோதான் நினைப்பார்கள். நான் வீட்டுத் தோட்டத்து ஓணானிலும் கோட்டை அகழியோரத்துத் தட்டானிலும் தொடங்கினேன். ஒரே உயிரைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தால்தான் அதன் பழக்கம் பிடிபடும் என்பதும், பழக்கம் பிடிபட்ட பின்னரே கேமராவின் நுணுக்கங்கள் கைகொடுக்கும் என்பதும் இப்போது எனக்கு உறுதியாகியிருக்கின்றன.

தட்டான்களில் பல இனங்கள், இரை பிடிக்கவோ போட்டி ஆணை விரட்டவோ பறந்து சென்றாலும், பெரும்பாலும் அதே குச்சியின் நுனிக்கே திரும்பி வந்து அமர்கின்றன. ஆகவே அதைத் துரத்தாமல், காலியான நுனியில் முன்கூட்டியே ஃபோக்கஸ் செய்துவிட்டுக் காத்திருக்கிறேன். உச்சிவெயிலில் சில இனங்கள் உடலில் வெயில் படும் பரப்பைக் குறைப்பதற்காக வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாக உயர்த்தி நிற்கும். நம் ஊர்ச் சித்திரை வெயில் படத்துக்கு மிகக் கடுமையானது. எனினும் இந்த நிலையை அப்போதுதான் காண முடியும் என்பதால் அந்த நேரத்தை ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

தெளிவு விழும் ஆழத்தை, அதாவது முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் படத்தில் கூர்மையாகத் தெரியும் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் நெடுநாள் ஆயிற்று. மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸால் ஒரு பொருளை 1:1 அளவில், அதாவது அதன் உண்மையளவிலேயே, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் பதிக்கும்போது, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் அப்பெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) எஃப்/8 வைத்தாலும் அந்த ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. அப்பெர்ச்சரை எஃப்/22 வரை சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் சிறிய துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே கூர்மை குன்றும். அதைவிட, சென்சாரின் தளம் தட்டானின் உடலுக்கு இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் நின்று, சற்று விலகி எடுப்பதே மேல்; தலையும் வால்நுனியும் ஏறக்குறைய ஒரே தளத்தில் வந்துவிடுகின்றன. நேர்முகமாக எடுக்கும்போது கண் மட்டும் தெளிவாக இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

குதிக்கும் சிலந்தி தானாகவே முகம் காட்டும். அதன் பக்கக் கண்கள் அசைவை உணர்ந்தவுடன், முன்புறத்துப் பெரிய கண்கள் இரண்டும் நம்மை நோக்குமாறு உடலைத் திருப்பிக்கொள்ளும். பூச்சிகளைக் குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கிப் படமெடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை; அப்படி எடுத்த படத்தில் அந்த உயிரின் இயல்பு எதுவும் இருப்பதில்லை.

ஓணானுக்கு அதிகாலையே ஏற்ற பொழுது. வெயில் காய்ந்து உடல் சூடேறும் வரை அது மெதுவாகவே அசையும். ஒளியும் அப்போது சாய்வாக விழுவதால் செதில்கள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும். தரையில் படுத்து அதன் கண்மட்டத்திலிருந்து எடுத்தால், இனப்பெருக்கக் காலத்து ஆணின் சிவந்த தலையும் கறுத்த தொண்டையும் எடுப்பாகப் பதிகின்றன.

அடுத்து அணிலுக்குப் பழகி வருகிறேன். மரநிழலில் 1/1000 நொடி ஷட்டர் வேகம் வைக்க ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவைப் பெரிதும் உயர்த்த வேண்டியிருந்து படம் புள்ளி புள்ளியாகிவிடுவதால், அது நின்று கொறிக்கும் வெயில்பட்ட கிளை எது என்பதை இப்போதைக்குக் கேமரா இல்லாமலேயே கவனித்துக்கொண்டிருக்கிறேன்.