கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்ப்பது

வன்னியில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளே, வீட்டுக் கிணறே நல்ல ஆய்வுகூடம். சின்னக் கல்லை எறியாமல் கைவிடுங்கள். அப்போதுதான் ஆரம்ப வேகம் பூச்சியம். தண்ணீரில் விழ 1.2 செக்கன் என்றால் s = ½gt² (s ஆழம், t நேரம், g புவியீர்ப்பு ஆர்முடுகல், அதாவது விழும் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடும் அளவு, 9.8 m/s²). கணக்கு 4.9 × 1.44, கிட்டத்தட்ட 7 மீற்றர். இது நீர்மட்டம் வரைதான், அடித்தளம் வரை அல்ல.

பிழை நேரத்தில்தான் வரும். நிறுத்தற் கடிகாரத்தை 0.2 செக்கன் பிந்தி அமத்தினால் விடை 9.6 மீற்றர்! நேரம் வர்க்கிக்கப்படுகிறதே. ஒலி மேலே வர எடுக்கும் 0.02 செக்கன் கால் மீற்றர் பிழைதான் தரும். அதனால் போனில் வீடியோ எடுத்து, செக்கனுக்கு 30 படம் என்று எண்ணுங்கள்.

இன்னொன்று: மேலே எறிந்த கல்லுக்கு உச்சியில் வேகம்தான் பூச்சியம். ஆர்முடுகல் அங்கேயும் கீழ்நோக்கி 9.8 தான். பலர் புள்ளி இழப்பது இதிலே.