டகோட்டா இல்லை, பெரியப்பா

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. இருபது சொச்சம் வயதுப் பெரியப்பா, முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறார். படிக்கட்டின் அடியில் கையில் தோல் பையோடு நிற்கிறார். படம் எடுத்தவர் ஆளைத்தான் பார்த்திருக்கிறார், விமானத்தைப் பார்க்கவில்லை. அதனால் மூக்கு இல்லை, வால் இல்லை, இறக்கையும் இல்லை. பெரியப்பா தலைக்குப் பின்னால் திறந்த கதவின் மேல்பகுதி, பக்கத்தில் இரண்டு ஜன்னல், அவ்வளவுதான்.

"அது டகோட்டா" என்று பெரியப்பா எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவருகிறார். வீட்டில் எல்லோரும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். நானும்தான். இத்தனைக்கும், படத்தைப் பார்த்து இது எந்த விமானம் என்று கண்டுபிடிப்பது ஒன்பது வருடமாக என் பொழுதுபோக்கு. தினமும் ராத்திரி அரை மணி நேரமாவது அதற்குப் போகும். ஆனால் இந்தப் படத்தை அந்தக் கண்ணோடு நான் பார்த்ததே இல்லை. போன வருடம்தான் பார்த்தேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால், இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

விமான நிலைய வேலிக்கு வெளியே கேமராவோடு நிற்பவர்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அது ஸ்பாட்டிங். நான் செய்வது அதற்குத் தங்கை முறை. யாரோ எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, அதில் இருப்பது என்ன ரகம், அந்த ரகத்தில் எந்த வகை என்று சொல்ல வேண்டும். முழுப் படமாக இருந்தால் சுவாரஸ்யமில்லை. ஒரு சக்கரம், என்ஜினின் விளிம்பு, காக்பிட் கண்ணாடியின் ஒரு மூலை, இப்படித் துண்டாகக் கிடைக்கும் படம்தான் விருந்து.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. படத்தைத் திறந்ததும் ரெஜிஸ்ட்ரேஷன் எழுத்துகளைக் கட்டைவிரலால் மறைத்துவிடுவேன். விடி என்று தொடங்கினால் இந்தியா, 4ஆர் என்றால் இலங்கை, 9வி என்றால் சிங்கப்பூர். பின்னால் வரும் எழுத்துகளைத் தேடினால் அந்த விமானத்தின் ஜாதகமே வந்துவிடும். அதைப் பார்த்துச் சொல்வது விடைத்தாளைப் பார்த்து எழுதுவது மாதிரி. விரலை எடுப்பது கடைசியில், சரிபார்க்க மட்டும்.

அதே மாதிரி பெயின்டையும் நம்பக் கூடாது. ஒரு நிறுவனத்தின் விமானத்தை இன்னொரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, பழைய பெயின்டோடே ஓட்டுவது சர்வசாதாரணம். புதிதாக வருகிறவர்கள் விங்லெட்டைப் பார்த்துச் சொல்வார்கள், இறக்கை நுனியில் மேலே வளைந்திருக்குமே, அது. அதுவும் பலவீனமான சாட்சிதான். ஒரே ரகத்தில் விங்லெட் இல்லாததும் இருக்கும், இருப்பதும் இருக்கும், பிற்பாடு மாட்டியதும் இருக்கும்.

உதாரணமாக, எல்லோரும் குழம்பும் ஜோடி போயிங் 737, ஏர்பஸ் ஏ320. இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் இறக்கைக்குக் கீழே இரண்டு என்ஜின். கீழேயிருந்து எடுத்த படமாக இருந்தால் நான் முதலில் வயிற்றைப் பார்ப்பேன். 737-இன் பிரதான சக்கரங்கள் உள்ளே மடங்கிய பிறகு அவற்றை முழுதாக மூடக் கதவு கிடையாது. பறக்கும்போதும் சக்கரத்தின் பக்கவாட்டு முகம் வெளியே தெரியும். வயிற்றில் அருகருகே இரண்டு கறுப்பு வட்டம். அதைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஏ320-இல் கதவு மூடிக்கொள்ளும், வயிறு வழவழவென்று இருக்கும்.

முன்பக்கத்திலிருந்து எடுத்த படம் என்றால் 737-இன் என்ஜின் வாயைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் வட்டமாக இருக்காது, அடிப்பக்கம் கொஞ்சம் தட்டையாக, கன்னம் உப்பிய மாதிரி இருக்கும். 1967-இல் முதலில் பறந்தபோது அதன் என்ஜின்கள் ஒல்லிக் குழாய்கள், அதனால் விமானத்தைத் தரைக்கு மிக அருகில் நிற்கும்படி கட்டினார்கள். 1984-இல் வந்த 737-300-க்குப் பெரிய விசிறி கொண்ட புது என்ஜின் தேவைப்பட்டது, ஆனால் கீழே இடமில்லை. அடியில் இருக்க வேண்டிய துணைக்கருவிகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, உறையின் அடியைத் தட்டையாக்கினார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த இட நெருக்கடி என் திரையில் ஒரு வளைவாகத் தெரிகிறது. இந்தப் பழக்கத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். அடையாளம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ மேஜையில் உட்கார்ந்து பட்ட பாடு இருக்கிறது.

இன்னொரு படம் மறக்க முடியாது. சாயங்கால வெளிச்சத்தில் வெறும் நிழலுருவம். இரண்டு என்ஜின் கொண்ட பெரிய விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. இறக்கை நுனி படத்துக்கு வெளியே. மூக்கு மேகத்துக்குள். போயிங் 767 ஆகவும் இருக்கலாம், ஏர்பஸ் ஏ330 ஆகவும் இருக்கலாம். ஒரு மணி நேரம் உடம்பின் தடிமனையும் வாலின் சாய்வையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தொங்கும் சக்கரங்கள் கண்ணில் பட்டன. இரண்டிலும் பிரதான கால் ஒவ்வொன்றுக்கும் நான்கு சக்கரம். ஆனால் காற்றில் தொங்கும்போது 767-இல் அந்த நான்கில் முன்னால் இருக்கும் இரண்டு தாழ்ந்திருக்கும், ஏ330-இல் பின்னால் இருக்கும் இரண்டு தாழ்ந்திருக்கும். ஒன்று நுனிக்கால் ஊன்ற வருகிறது, மற்றொன்று குதிகால் ஊன்ற வருகிறது. படத்தில் இருந்தது நுனிக்கால். 767. விரலை எடுத்துப் பார்த்தேன், சரி.

ஆட்களை ஜாடை வைத்துச் சொல்வோமே, நடையைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று, அதுபோல விமானத்துக்கும் ஜாடை உண்டு. ஆயிரம் படம் பார்த்த பிறகு மனம் தானாகச் சொல்லும். ஆனால் ஜாடை ஊகத்துக்குத்தான் உதவும். பக்கத்து வீட்டு ஜாடையும் அதே மாதிரி இருந்தால்? "இது அதுவாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "இது மற்றது இல்லை, ஏனென்றால் இதோ" என்று ஒரு இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நான் விடை எழுத மாட்டேன்.

இன்றைக்கு இது பொழுதுபோக்கு, ஒரு காலத்தில் உயிர் விஷயம். 1939 செப்டம்பர் 6, பிரிட்டன் போரில் இறங்கி மூன்றாவது நாள். ஸ்பிட்ஃபயர் விமானிகள் எதிரி என்று நினைத்துத் தங்கள் தரப்பு ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஒரு விமானி இறந்துபோனார். தவறான எச்சரிக்கையும் தகவல் குழப்பமும் சேர்ந்துதான் அப்படி நடந்தது. ஆனாலும் கடைசிக் கணத்தில் எதிரே இருப்பது யார் என்று கண்தான் சொல்லியிருக்க வேண்டும். போர் வளர வளர, வீரர்களுக்கும் தரையில் காவல் இருந்த சாதாரண மக்களுக்கும் நிழலுருவ அட்டைகளைக் காட்டிப் பாடம் நடத்தினார்கள். அமெரிக்கர்கள் விங், என்ஜின், ஃபியூஸலாஜ், டெயில் என்று வரிசைப்படுத்தி, முதல் எழுத்துகளைச் சேர்த்து வெஃப்ட் என்றார்கள். இறக்கை, என்ஜின், உடல், வால். நான் இன்றும் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன். 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரச் சொன்னது. எல்லாம் 72-இல் ஒரு பங்கு அளவு, கறுப்பு வண்ணம். அதை 35 அடி தள்ளிப் பிடித்தால், நிஜ விமானம் அரை மைல் தூரத்தில் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். மரத்தைச் செதுக்கிய அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்த விமானத்தின் வளைவு கையிலேயே பதிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, கண் மட்டும்தான்.

சரி, பெரியப்பா படத்துக்கு வருவோம்.

டகோட்டா, அதாவது டிசி-3, 1935-இல் முதலில் பறந்தது. அதற்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கும். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்க, உடம்பு முழுக்கப் பின்னால் சரிந்திருக்கும். பெரியப்பா படத்தில் இரண்டு ஜன்னலின் அடிவிளிம்பையும் சேர்த்து ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். தரையோடு மட்டமாக இருந்தது. போதாததற்கு டகோட்டாவின் ஜன்னல்கள் கட்டம் கட்டமாக இருக்கும், படத்தில் இருப்பவை முட்டை வடிவம். டகோட்டா இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இத்தனை வருடம் பார்க்காமல் விட்டது மனதைக் குடைந்தது.

பெரிய முட்டை வடிவ ஜன்னல், என்ஜினில் காற்றாடி, அதாவது புரொப்பெல்லர், வைத்த காலம். எனக்கு உடனே தோன்றியது ஃபோக்கர் எஃப்27 ஃபிரெண்ட்ஷிப். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், அதனால்தான் படத்தில் இறக்கை தெரியவில்லை என்று காரணமும் கிடைத்துவிட்டது. எழுதியும் வைத்துவிட்டேன். நான் சொன்ன அந்த விதியை, மற்றது இல்லை என்று காட்ட வேண்டும் என்ற விதியை, சொந்த வீட்டுப் படத்தில் கைவிட்டேன்.

இந்தப் பழக்கத்தில் எனக்கு மூத்த நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஜன்னலைப் பார்த்தீர்கள், கதவைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. பெரியப்பாவின் தலையும் தோளும் கதவின் கீழ்ப்பாதியை மறைத்திருந்தன. மேல்பாதியை மூலை மழுங்கிய செவ்வகம் என்று மனம் நிரப்பிக்கொண்டது, ஏனென்றால் கதவு என்றால் செவ்வகம். அப்புறம் படத்தை ஆல்பத்திலிருந்து உரித்தெடுத்து, பெரிய அளவில் ஸ்கேன் செய்து பார்த்தேன். கதவு விளிம்பில் அளவுகோலை வைத்தேன். எங்கே வைத்தாலும் ஒட்டவில்லை. பக்கவாட்டிலும் நேர்கோடே கிடையாது. அது தொடர்ந்து வளைந்துகொண்டே போகிறது, பெரியப்பாவின் காதுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும். ஜன்னல் மட்டுமில்லை, கதவே முட்டை வடிவம்.

எஃப்27-இன் கதவு செவ்வகம். முட்டை வடிவ ஜன்னலும் முட்டை வடிவக் கதவும் சேர்ந்து இருப்பது விக்கர்ஸ் வைக்கவுண்ட். 1948-இல் முதலில் பறந்தது, டர்போபிராப் என்ஜினோடு, அதாவது டர்பைன் சுழற்றும் காற்றாடியோடு, பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் விமானம். அதிலும் பின்னால் வந்த நீளமான 800 வரிசையில் கதவைச் செவ்வகமாக மாற்றிவிட்டார்கள். ஆக, இது 700 வரிசை. தலைக்குப் பின்னால் தெரிந்த ஒரு ஜாண் வளைவு இவ்வளவையும் சொல்லிவிட்டது.

ஏன் முட்டை வடிவம் என்றால், வைக்கவுண்ட் உயரத்தில் பறக்க உள்ளே காற்றழுத்தம் ஏற்றிய விமானம். ஊதிய பலூனைப் போல உடல் ஒவ்வொரு பயணத்திலும் விரிந்து சுருங்கும். அதில் ஓட்டை போட்டால், அந்த ஓட்டைக்குக் கூர்மையான மூலை இருந்தால், பளு எல்லாம் அங்கே போய்ச் சேரும். வளைவு என்றால் பளு பரவிவிடும். டகோட்டாவில் காற்றழுத்தம் கிடையாது, ஜன்னல் கட்டமாக இருந்தாலும் பாதகமில்லை.

பெரிதாக்கிய பிரதியை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன்.

"டகோட்டா இல்லை, பெரியப்பா. வைக்கவுண்ட்."

"யாரும்மா சொன்னது? அப்போ எல்லாரும் டகோட்டான்னுதானே சொன்னாங்க."

கோடு போட்டதைக் காட்டினேன். கதவின் வளைவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அப்போதுதான் கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "ஜன்னல் வழியா என்ன தெரிஞ்சுது பெரியப்பா? காத்தாடி தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன? பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். முதல்ல ஒண்ணு சுத்த ஆரம்பிச்சுது. இன்னொண்ணு நின்னுட்டே இருந்துச்சு. ரிப்பேரோன்னு பயந்துட்டேன். கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் அதுவும் சுத்துச்சு."

"ரெண்டும் உங்க பக்கமா?"

"என் பக்கம்தான். அந்தப் பக்கம் நான் எங்க பார்த்தேன்?"

ஒரே பக்கத்தில் இரண்டு. டகோட்டாவுக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான், ஃபோக்கருக்கும் அப்படித்தான். வைக்கவுண்டுக்கு மொத்தம் நான்கு. ஸ்கேனும் அளவுகோலும் இல்லாமல், அரை நிமிடத்தில் என் முதல் விடையை அவர் தள்ளியிருப்பார்.

இதைச் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை. படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, முட்டை வடிவ ஜன்னல்கள் மேல் விரலை வைத்திருந்தார்.

"இதுல எது என்னோட ஜன்னல்?" என்றார்.

படத்தில் இருப்பவை இரண்டு. கதவிலிருந்து எத்தனையாவது வரிசையில் உட்கார்ந்தோம் என்று கண்ணை மூடி, விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார்.