220 மீட்டர் தூரம், 14 மீட்டர் ஏற்றம், 12 வோல்ட் பேட்டரி

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு இருக்கும் சின்ன இடத்தில் தண்ணீர் கீழே, கன்றுகள் மேலே. ஓடையோரம் உறை இறக்கிய கிணறு ஒன்று உண்டு. சித்திரையிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். மாவும் பலாவும் நட்டிருப்பது மேட்டில். ஹோஸ் போகிற வழி 220 மீட்டர். உயரத்தைக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபை வைத்துப் படிப்படியாக அளந்து கூட்டியதில் 14 மீட்டர் வந்தது. மின்கம்பம் பக்கத்தில் இல்லை. பெட்ரோல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற எனக்குத் தெம்பில்லை. பேட்டரியில் ஓடும் குட்டிப் பம்புகளை வைத்து என்ன செய்ய முடியும் என்று பார்க்கலாம் என இறங்கினேன்.

முதலில் எடுத்தது கூலர் பம்ப் ஜாதி: தண்ணீருக்குள் முக்கி வைக்கிற 12 வோல்ட் பம்ப். பெட்டியில் "5 மீட்டர் ஏற்றும், மணிக்கு 800 லிட்டர்" என்று இருக்கும். இரண்டும் உண்மைதான், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. 800 லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது. 5 மீட்டர் என்பது தண்ணீர் அசையாமல் குழாயில் நிற்கிற உயரம். உருப்படியாக ஓடவேண்டுமானால் மூன்று, மூன்றரை மீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஆக 14 மீட்டருக்கு நான்கு பம்ப். நடுநடுவே ஒரு பெயின்ட் வாளி, வாளிக்குள் மிதவை சுவிட்ச்.

இந்தக் கைமாற்று முறை பழையது. ஆஸ்திரேலியாவில் பெர்த் அருகிலிருந்து கல்கூர்லி தங்கச் சுரங்கங்களுக்கு 530 கிலோமீட்டர் தண்ணீர் கொண்டுபோனார்களே, 1903-இல், நீராவிப் பம்புகளோடு எட்டு நிலையங்கள் வைத்துத்தான் அதைச் செய்தார்கள். என் வழியின் கீழ்ப்பாதியில் இரண்டு நிலையம் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஏறுகிறது. வாளி நடுவில் இருப்பதால் ஒரு பம்ப் வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் ஓடினாலும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. வாளி இல்லாமல் ஹோஸோடு ஹோஸாகக் கோத்தால், மேல் பம்ப் முந்திக்கொண்டு இழுக்கும்போது மெல்லிய ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக்கொள்கிறது.

இதில் வில்லங்கம் தண்ணீர் அல்ல, வயர். ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயரைப் பாதி வழிக்கு, அதாவது 110 மீட்டர் இழுத்தால், போக வர 220 மீட்டர், கிட்டத்தட்ட 2.7 ஓம். 2 ஆம்பியர் ஓடினாலே வழியில் 5 வோல்ட்டுக்கு மேல் போய்விடும்; 12 வோல்ட் பம்புக்கு 7 வோல்ட் கூட மிஞ்சாது. அப்படியானால் நிலையத்துக்கு நிலையம் தனி பேட்டரி வைக்க வேண்டும். நான்கு பேட்டரியைப் பன்றி நடமாடுகிற காட்டில் போட்டு வைக்க மனம் ஒப்பவில்லை. கூலர் பம்பை அத்தோடு விட்டேன்.

அடுத்தது, முதுகில் மாட்டி மருந்தடிக்கிற பேட்டரி ஸ்ப்ரேயருக்குள் இருக்கும் டயாஃப்ராம் பம்ப், அதாவது ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளுகிற பம்ப். உதிரியாகவே கடையில் கிடைக்கும். உள்ளங்கையில் அடங்குகிற அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "எய்யா, இந்தச் சுண்டு மோட்டாரா அம்புட்டு தூரம் தள்ளப் போவுது?" என்றார். தள்ளும். நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர்தான் தரும்; ஆனால் 80 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கிற அலகு) வரை முட்டித் தள்ளும். ஒரு பி.எஸ்.ஐ. என்பது 0.7 மீட்டர் உயரம், ஆகக் கணக்குப்படி 56 மீட்டர். நமக்கு வேண்டியது 14.

மிச்சம் இருக்கிற அழுத்தத்தை யார் தின்கிறார்கள் என்பதுதான் மொத்த விஷயமும். முதலில் ஸ்ப்ரேயரோடு வருகிற, உள்விட்டம் 8 மில்லிமீட்டர் ஹோஸையே 220 மீட்டருக்கும் ஓட்டிப் பார்த்தேன். 15 லிட்டர் வாளி நிறைய ஐந்தரை நிமிடம். பம்ப் அழுத்தம் தாங்காமல் நின்று நின்று ஓடுகிறது, ஓடும்போது 5 ஆம்பியர் இழுக்கிறது, தொட்டால் சுடுகிறது. பிறகு சொட்டுநீருக்குப் போடுகிற 16 எம்.எம். லேட்டரல் டியூப், உள்விட்டம் பதின்மூன்றரை சொச்சம். அதே வாளி மூன்றே முக்கால் நிமிடம், 3 ஆம்பியர், பம்ப் ஒரே சீராக முனகுகிறது. ஒரு வாளிக்கு ஆகும் மின்சாரம் பாதிக்கும் கீழே.

உரசல் இழப்பு குழாயின் விட்டத்தைப் பொறுத்துப் பயங்கரமாக மாறுகிறது: விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீருக்கு இழப்பு ஏறக்குறைய 29 மடங்கு. நிமிடத்துக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டருக்கு 8 எம்.எம். ஹோஸ் 34 மீட்டர் உயரத்தைத் தின்னும்; லேட்டரல் டியூப் இரண்டரை மீட்டர் சொச்சம்தான். உயரத்துக்குப் பேரம் பேச முடியாது. தூரத்துக்குப் பேசலாம்: குழாயைப் பெருசாக்கு, இல்லை மெதுவாக விடு. பெரிய பம்ப் தேடி அலைகிற காசை டியூபில் போடலாம் என்பது என் கட்சி.

பம்ப் கிணற்றுக்குள்ளேயே, தண்ணீருக்கு அரை மீட்டர் மேலே ஒரு பலகையில் இருக்கிறது. இந்த ஜாதிப் பம்புகள் தள்ளுவதில் சூரர்கள், உறிஞ்சுவதில் சோப்ளாங்கிகள். இரண்டு மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. உறிஞ்சு முனையில் கொசுவலைத் துணி இரண்டு மடிப்பு. ஒரு துளி மணல் உள்வால்வில் உட்கார்ந்தாலே அழுத்தம் ஏறாது. வழியில் டியூப் மேடேறி இறங்குகிற ஒரு இடத்தில் காற்று அடைத்துக்கொண்டது. அந்த மேட்டு முதுகில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு, காற்றுத் திறக்க சின்ன வால்வு வைத்தேன். டியூபுக்குள்ளேயே 32 லிட்டர் பிடிக்கும். காலி டியூப் என்றால் மேலே முதல் சொட்டு வர எட்டு நிமிடம் ஆகும். வெயிலில் கிடந்த கறுப்பு டியூப் என்றால் அந்த முதல் தண்ணீர் கொதிக்கும். நேரடியாகக் கன்றுக்கு விடக் கூடாது.

அதனால்தான் மேட்டில் 500 லிட்டர் டேங்க். சென்னைக்குப் போகிற வீராணம் ஏரித் தண்ணீரையும் வழியில் கடம்புலியூர் தொட்டி வரைதான் பம்ப் செய்கிறார்கள். அங்கிருந்து போரூருக்குத் தானாகவே சரிந்து வருகிறது. எனக்கும் டேங்கிலிருந்து கன்றுகளுக்குச் சரிவுதான். ஒரு மீட்டர் மேடையில் கிடைக்கிற அழுத்தத்தில் சாதாரண டிரிப்பர் சரியாகச் சொட்டாது, மைக்ரோ டியூப் என்கிற மெல்லிய குழாயைத் திறந்தபடி விட்டிருக்கிறேன். டேங்க் நிறைய, ஓய்வு நேரம் போகப் பம்ப் ஓடுவது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய 75 வாட்‌-மணி. 12 ஆம்பியர்‌-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதி. 40 வாட் சோலார் பேனல் அதை அன்றைக்கே நிரப்பிவிடுகிறது. மோட்டார் விடாமல் ஓடுவதற்குச் செய்ததல்ல என்பதால், இருபது நிமிடம் ஓடி பத்து நிமிடம் ஓய்வெடுக்க ஒரு டைமர்.

டேங்க் நிறைந்ததைக் கீழே தெரிவிக்க வயர் இழுக்கவில்லை. டேங்கில் சாதாரண மிதவை வால்வு. அது மூடினதும் டியூபில் அழுத்தம் ஏறி, பம்பின் சொந்த பிரஷர் சுவிட்சே அதை நிறுத்துகிறது. சுவிட்சின் திருகைத் தளர்த்தி 40 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் லேட்டரல் தாங்காது. அப்படியும் நடுப்பகலில் டியூப் இளகி, அடிவாரத்து ஜாயின்ட்கள் கழன்றன. அழுத்தம் அதிகம் இருக்கும் கீழ் 60 மீட்டரை மட்டும் 20 எம்.எம். எச்.டி.பி.இ. என்கிற கெட்டி பிளாஸ்டிக் குழாயாக மாற்றிய பிறகு கழலவில்லை. இதில் ஒரு உபரி லாபமும் உண்டு: டேங்க் நிறைந்த பிறகும் பம்ப் விட்டுவிட்டு ஓடினால், வழியில் எங்கோ அணிலோ எலியோ கடித்திருக்கிறது என்று அர்த்தம்.