எட்டு சர்க்கரைக் கட்டி

போன நவம்பர்ல ஆபீஸ் வேலையா இஸ்தான்புல் போயிருந்தேன். நாலு நாளும் ஹோட்டல், மீட்டிங் ரூம், மறுபடி ஹோட்டல்னே ஓடிடுச்சு, அஞ்சாவது நாள் சாயங்காலம் மட்டும் ஃப்ரீ. கூட வந்தவங்க கிராண்ட் பஜார் கிளம்பினாங்க, எனக்கு ஷாப்பிங்னாலே தலைவலி, நைசா கழண்டுக்கிட்டு காடிகோய் படகுத்துறைக்கு வந்துட்டேன்.

காடிகோய் ஆசியா பக்கம். எதிர்ல எமினோனு, அது ஐரோப்பா. நடுவுல ஃபெர்ரில இருபது நிமிஷம், அவ்ளோதான். நம்ம டவுன் பஸ் மாதிரி கார்டைத் தட்டிட்டு ஏறிக்கிட்டே இருக்காங்க, கண்டம் விட்டு கண்டம் போறோம்ங்கற நெனப்பே ஒருத்தருக்கும் இல்ல, ஒரு அம்மா கையில கீரைக்கட்டு வேற.

படகு கிளம்பினதும் வலது பக்கம் ஹைதர்பாஷா ரயில்வே ஸ்டேஷன். 1909ல திறந்தது, கோட்டை மாதிரி தண்ணியோரமா நிக்குது. 2010ல கூரை தீப்பிடிச்சு, 2013ல ரயிலயும் நிறுத்திட்டாங்க. யாரும் வந்து இறங்காத ஸ்டேஷன்ல படிக்கட்டு மட்டும் கடல் வரைக்கும் இறங்கி வருது. ஏனோ ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தேன். இன்னும் தள்ளி கடலுக்கு நடுவுல குட்டியா ஒரு கோபுரம், கிஸ் குலேசி, கன்னிக் கோபுரம். பொண்ணு பாம்பு கடிச்சு சாவாள்னு ஜோசியம் சொன்னதால ராஜா அவள அங்க பூட்டி வச்சாராம், பாம்பு பழக்கூடைல வந்துடுச்சாம். அப்படியே நம்ம பரீட்சித்து கதை!

டீக்காரர் தட்டோட வந்தார். டீக்கு அங்கயும் பேரு சாய்தான். பால் இல்லாத செவசெவன்னு டீ, இடுப்பு சிறுத்த குட்டி கிளாஸ்ல. அந்த கிளாஸுக்கு அவங்க பாஷையில ‘மெல்லிடையாள்’ங்கற மாதிரியே ஒரு பேரு இருக்கு, நம்ம கவிஞர்கள் கேட்டா சண்டைக்கு வந்துடுவாங்க. சாசர்ல ரெண்டு சர்க்கரைக் கட்டி. எனக்கு சர்க்கரை ஆகாது. அவளுக்கு எவ்ளோ போட்டாலும் பத்தாது, காந்திபுரத்துல நாங்க வழக்கமா போற கடையில மாஸ்டர் அவ மூஞ்சியப் பார்த்ததுமே ஒரு ஸ்பூன் கூடப் போட்டுடுவார். ரெண்டு கட்டியயும் கர்ச்சீஃப்ல முடிஞ்சு வச்சேன்.

எமினோனுல இறங்கி வெளிய எங்கயும் போகல, திரும்ப ஏறினேன். திரும்ப டீ. மூணாவது தடவை போறப்ப சூரியன் நேர் எதிர்ல இறங்குது, மசூதி கோபுரமெல்லாம் கருப்புக் கோடா தெரியுது, கடல் காக்கா கூட்டம் கத்துது. எனக்கு முன் பெஞ்சுல ஒரு தாத்தா பாட்டி. பாட்டி எள்ளு ஒட்டின வளைய ரொட்டியப் பிச்சுப் பிச்சு பறவைங்களுக்கு வீசிட்டு இருக்காங்க. தாத்தா தன் சாசர்ல இருந்த ரெண்டு கட்டியயும் எடுத்து பாட்டி கிளாஸ்ல போட்டு, டிங் டிங்குன்னு நிதானமா கலக்கி அவங்க பக்கம் நகர்த்தினார். பாட்டி திரும்பிக்கூட பாக்கல, கை மட்டும் சரியா வந்து கிளாஸை எடுத்துச்சு.

உடனே அவளுக்கு போன் பண்ணணும்னு இருந்துச்சு. மணி அஞ்சே முக்கால், ஊர்ல எட்டே கால். எட்டு மணிக்கு நைட் டியூட்டிக்கு வார்டுக்குள்ள போனா போன் லாக்கர்ல. பதினஞ்சு நிமிஷத்துல போச்சு. போட்டோ எடுத்துப் பார்த்தேன், ஆரஞ்சு கலர்ல ஏதோ கொட்டின மாதிரிதான் வந்துச்சு.

நாலாவது தடவை சும்மாதான் ஏறினேன்.

ஊர் வந்து அதே கடையில முடிச்ச அவிழ்த்தா உள்ள எறும்பு. பாதி தூளாயிடுச்சு. “லூசாடா நீ, இதையா அங்கிருந்து தூக்கிட்டு வந்த?”ன்னு சிரிச்சுக்கிட்டே எறும்ப ஊதி விட்டா, உடையாத ரெண்டு கட்டியப் பொறுக்கி தன் டீக்குள்ள போட்டா, ஸ்பூனோட கிளாஸை என் பக்கம் நகர்த்தினா. கலக்குன்னு.

தாத்தா கதைய நான் அதுவரைக்கும் சொல்லவே இல்ல.