கறுப்பி மறுபடியும் அடைக்கு உட்கார்ந்துவிட்டாள்

நேற்று இரவு ஷிப்ட் முடிந்து வந்து முட்டை எடுக்கக் கையை விட்டேன். இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு ஒரு உறுமல், அடுத்து மணிக்கட்டில் ஒரு கொத்து. அடைக்கோழியின் அந்தக் குரலை ஒருமுறை கேட்டவர்களுக்கு அப்புறம் சந்தேகமே வராது.

எங்கள் வீடு மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில், பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். கோழி வளர்க்க நல்ல இடம் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், பாம்பு வேலியைத் தாண்டினால் முதலில் இருப்பது என் கோழிக்கூடு.

போன முறை அடை வைத்ததைச் சொல்கிறேன். கோழி உட்கார்ந்தவுடன் நல்ல முட்டைகளை வைத்துவிடக் கூடாது, சிலது இரண்டு நாளில் மனம் மாறி எழுந்து போய்விடும். சாதா முட்டை இரண்டை வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் இருட்டியதும் மாற்ற வேண்டும். சேர்த்து வைக்கும் முட்டையும் ரொம்பப் பழசாகக் கூடாது. பினாங்கு வெக்கையில் வெளியே கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போகும், அதனால் ஐந்தாறு நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை. பென்சிலால் ஒவ்வொன்றிலும் கோடு போட்டேன். மற்ற கோழிகள் அதே கூடையில் வந்து முட்டையிட்டுப் போகும், கோடில்லாததைச் சாயங்காலமே எடுத்துவிடலாம்.

அம்மா தன் பங்குக்குக் கூடையில் ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய் போட்டார். இடி இடித்தால் கூமுட்டையாகிவிடுமாம். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் எடுக்கவும் இல்லை. பொரிக்காமல் போனால் பழி என் தலையில் விழுமே!

ஏழாம் நாள் ராத்திரி டார்ச்லைட்டைப் பருத்த முனையில் வைத்துப் பார்த்தால் உயிருள்ள முட்டையில் சிலந்தி மாதிரி ரத்த நரம்பு தெரியும். 11-இல் 2 வெறுமனே வெளிச்சமாக இருந்தன, எடுத்துவிட்டேன். மற்றபடி எல்லாம் கறுப்பியின் வேலைதான். புரட்டுவது, சூடு பார்ப்பது, நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் இறங்கித் தின்று குடித்து ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டு ஓடி வருவது.

நான் மூக்கை நுழைத்தது 21-ஆம் நாள்தான். ஒரு குஞ்சு ஓட்டைத் துளைத்துவிட்டு அரை நாளாக அப்படியே கிடந்தது, பாவமே என்று ஓட்டை உரித்தேன். ரத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. துளை போட்டபின் ஒரு நாள்கூட எடுக்கும், மஞ்சள் கரு முழுவதும் வயிற்றுக்குள் போய், ஓட்டை ஒட்டிய நரம்பு காய்ந்த பிறகுதான் அது வெளியே வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. "உனக்கென்னடி அவசரம், தாய்க்கே இல்லாத அவசரம்?" என்றார் அம்மா.

எட்டுக் குஞ்சு. ஐந்தாம் நாள் காலையில் வேலையிலிருந்து வந்தால் கறுப்பி மூலையில் கத்திக்கொண்டிருக்கிறாள், வலையில் ஒரு பாம்பு பாதி உள்ளே பாதி வெளியே, உடம்பில் மூன்று புடைப்பு. நுழையும்போது ஒல்லியாக நுழைந்தது, தின்ற பிறகு வெளியேற முடியவில்லை. சாரையா மலைப்பாம்பா என்று உற்றுப் பார்க்கும் துணிச்சல் எனக்கில்லை, பொம்பாவை, அதாவது தீயணைப்புப் படையைக் கூப்பிட்டோம். ஒரு அங்குலக் கண் உள்ள கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, எதுவும் உள்ளே வராமல் தடுக்காது. அன்றைக்கே அரை அங்குல வெல்ட் மெஷ் வாங்கி, நாலு பக்கமும் தரையிலும் அடித்தேன், கதவின் அடியில் இருந்த இடுக்குக்கும் சேர்த்து.

பகலில் வேறு கூட்டம். ஒன்றைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது, பியாவாக் என்கிற உடும்பு வேலியோரம் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் பிறகு முதல் மாதம் முழுக்கப் பஞ்சாரத்துக்குள்தான் விட்டேன். குஞ்சு தண்ணீர்த் தட்டிலேகூட மூழ்கிவிடும், கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும். எறும்பை யாரும் சொல்வதில்லை. ஓடு உடையும் நாளில் வாடைக்கு வந்துவிடும், அதனால் கூடையை ஸ்டூலில் வைத்து, கால்களைத் தண்ணீர் டப்பாவுக்குள் நிறுத்திவிடுவேன்.

நாலு மிஞ்சின. நாலும் இப்போது பெரிதாகி அம்மாவின் கீரைப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருக்கின்றன.

நாளை ராத்திரி கறுப்பிக்கு 9 முட்டை வைக்கப்போகிறேன். நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தால் 21-ஆம் நாள் எனக்கு மறுபடி இரவு ஷிப்ட். மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் என்ன காரணம் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.