அண்ணன் எழுதிய கடிதமும் 14 மாத அலைச்சலும்

அண்ணன் இறந்த வழக்கின் கோப்பை மூடிவிட்டதாகப் போன வாரம்தான் தகவல் வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கியது. இத்தனை மாத அலைச்சலில் முக்கால்வாசி, இறப்பதற்கு முன் அவர் எழுதி வைத்த ஒரே ஒரு தாளால் வந்தது. அந்தத் தாளை முதல் நாளே நாங்கள் ஒழுங்காகக் கையாண்டிருந்தால் அண்ணி கோர்ட்டுக்குப் போயிருக்கவே வேண்டாம். அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை. எங்களைப் போல யாராவது இன்று இதே நிலையில் நிற்கலாம், அவர்களுக்காக எழுதுகிறேன். அண்ணன் எப்படி இறந்தார் என்பதை எழுதப் போவதில்லை.

எங்கள் ஊர் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைக் கிராமம். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். செய்தி கேட்டு மேட்டுப்பாளையம் வந்து, மழையில் மலையேறி வீடு சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. போலீஸ் வந்து பார்த்துவிட்டு, பஞ்சாயத்தாரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏம்மா, ஒரு கடுதாசி இருந்துச்சு. யார் கண்ணுலயும் படறதுக்கு முன்னாடி எடுத்து வச்சுட்டேன். வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்” என்றார். போலீஸ் கேட்டதற்குக் கடிதம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவர் அப்படிச் செய்தார். எனக்கும் அன்று புத்தி வேலை செய்யவில்லை. சரி சித்தப்பா என்று விட்டுவிட்டேன். எங்கள் முதல் தவறு அது.

ஜி.எச்.சுக்குக் கொண்டுபோகும்போது மாலை நாலரை ஆகிவிட்டது. பிரேதப் பரிசோதனை மறுநாள் காலைதான் என்றார்கள். சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதி கொடுத்திருந்தாலும், தற்கொலை, கொலைச் சந்தேகம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும் என்றால் மட்டும் விதிவிலக்கு. ஆகவே அங்கே சண்டை போட்டுப் பயனில்லை, யாராவது இருவர் கம்பளியோடு தங்கத் தயாராகப் போங்கள். கடிதத்தைக் காட்டினால் போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் கொடுத்துவிடுவார்களா என்று ஒரு மாமா ரகசியமாகக் கேட்டார். கொடுக்க மாட்டார்கள். கடிதம் பொய்யாக இருக்கலாம், மிரட்டி எழுத வாங்கியதாக இருக்கலாம், எப்போதோ எழுதிக் கிழிக்காமல் விட்டதாக இருக்கலாம். அதனால் உடல் சொல்வதை டாக்டர் தனியாகப் பார்ப்பார். கடிதம் சொல்வதைப் போலீஸ் தனியாகப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் விசாரணை. கடிதமே இல்லாவிட்டாலும் விசாரணை நிற்காது. இப்படி இறந்துபோகிறவர்களில் பெரும்பாலானோர் எதையும் எழுதி வைப்பதில்லை என்று பின்னால் எஸ்.ஐ. சொன்னார்.

எஃப்.ஐ.ஆர். போட்டதும் அடக்கமும் தடங்கல் இல்லாமல் முடிந்தன. இயற்கைக்கு மாறான மரணங்களை விசாரிக்கும் சட்டப் பிரிவை முன்பு 174 என்று சொல்வார்களே, 2024 ஜூலை முதல் அது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 194. எண்தான் மாறியிருக்கிறது, நடைமுறை பெரும்பாலும் அதேதான்.

மூன்றாம் நாள் எங்கள் பெரியப்பா மகன் ஸ்டேஷனில் மனு கொடுத்தார். அண்ணன் சாவில் சந்தேகம் இருக்கிறது, அண்ணியை விசாரிக்க வேண்டும் என்று. பழைய நிலத் தகராறு ஒன்று உண்டு, அதைப் பற்றி இங்கே வேண்டாம். அப்போதுதான் சித்தப்பா பதறிப்போய் கடிதத்தை வெளியே எடுத்தார். மழைக்கோட்டின் உள்பையில், பிளாஸ்டிக் கவரில், நாலாக மடித்து வைத்திருந்தார்.

மலையில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பாதுகாப்பு என்று நினைப்போம். ஐப்பசி மாதப் பனிமூட்டத்தில் உடம்புச் சூட்டோடு சேர்ந்து அந்தக் கவருக்குள் வியர்த்துவிட்டது. அண்ணன் எழுதியது ஜெல் பேனாவில். மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு வரி ஊறிக் கலைந்துபோயிருந்தது. சாதாரணக் காகித உறையில், மடிக்காமல், ஒரு அட்டைக்கு நடுவில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதைவிட, கிடந்த இடத்திலேயே விட்டிருந்தால் போலீஸே எடுத்திருக்கும்.

ஸ்டேஷனுக்கு முதல் நாள் போனபோது, ஐயா பந்தோபஸ்தில் இருக்கிறார், நாளைக்கு வாங்க என்றார்கள். இரண்டாம் நாள், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஏட்டு தாளைக் கையில் வாங்கவே இல்லை. “எஃப்.ஐ.ஆர்.ல கடிதம் இல்லைன்னு இருக்கு. இப்ப நீங்க கொண்டு வந்தா, நீங்களே எழுதினதுன்னு அந்தப் பார்ட்டி சொல்லாதா?” என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் வாங்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டே திரும்பி வந்தேன். அன்று இரவு ஊரில் ஒரு வழக்கறிஞர் தம்பி சொன்னபடி ஒரு மனு எழுதினேன். கடிதம் எங்கே, யார் கையில், எத்தனை மணிக்குக் கிடைத்தது, ஏன் மறைத்தோம், இத்தனை நாள் எங்கே இருந்தது, எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதி, சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். தாளின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை எஸ்.ஐ. இருந்தார். சித்தப்பாவை நன்றாகத் திட்டினார், அப்புறம் வாங்கிக்கொண்டார். அப்போது ரைட்டர் மனுவோடு கடிதத்தையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்கப் போனார், இன்னொரு கையில் வட்ட முத்திரை. நான் குறுக்கே கை நீட்டி, “சார், கடிதத்து மேல எதுவும் வேண்டாம், மனு மேல குத்துங்க” என்றேன். எப்படி அந்தத் துணிச்சல் வந்ததோ. எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்து, “அந்தம்மா சொல்றது சரிதான்” என்று சொல்லிக் காகித உறை கொண்டுவரச் சொன்னார். சர்ச்சைக்குரிய ஆவணத்தின் மேல் துளை, முத்திரை, அடிக்கோடு, லேமினேஷன் எதுவும் கூடாது. அசலைத்தான் கையெழுத்தை ஒப்பிடும் நிபுணர் பார்ப்பார். ஜெராக்ஸில் எழுத்தின் அழுத்தமோ, பேனா தூக்கிய இடமோ சரியாகத் தெரியாது. கடிதத்தைப் போலீஸ் பெற்றுக்கொண்டதற்கு எழுதும் பதிவுதான் மகஜர், அன்று அதன் நகலைக் கையில் வாங்காமல் நான் நகரவில்லை.

கையெழுத்து ஒப்பீடு எல்லா வழக்கிலும் நடப்பதில்லை. யாரும் மறுக்காவிட்டால், வீட்டாரிடம் காட்டி அவர் எழுத்துதானா என்று கேட்டு வாக்குமூலம் வாங்குவதோடு முடித்துவிடுவார்களாம். எங்கள் விஷயத்தில் மனு இருந்தது, கடிதம் எங்கள் கையிலிருந்து தாமதமாக வந்தது, கீழே கையெழுத்தும் இல்லை. தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றார்கள். அதற்கு அண்ணன் உயிரோடு இருந்தபோது இயல்பாக எழுதிய எழுத்து வேண்டும்.

அடுத்த ஆறு வாரம் இதிலேயே போயிற்று. முதலில் ஒரு வங்கிக்குப் போனேன். கணக்குத் தொடங்கிய படிவத்தை எனக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். போலீஸ் எழுத்துமூலம் கேட்டால்தான் கொடுப்பார்கள், அதை முதலிலேயே ஸ்டேஷனில் கேட்டு வாங்கிப் போங்கள். இரண்டு நடை நடந்து அது வந்த பிறகு பார்த்தால் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. கடிதம் தமிழ். பயன்படாது. தமிழுக்குத் தமிழ், கூட்டெழுத்துக்குக் கூட்டெழுத்து என்று ஒத்த வகையாக இருக்க வேண்டும். பரணிலிருந்து பிளஸ் டூ நோட்டுகளை எடுத்துப் போனேன். இருபது வருஷப் பழசு, எழுத்து மாறியிருக்கும் என்றார்கள். இலைக் கணக்கு நோட்டில் எல்லாம் கிலோவும் ரூபாயும்தான். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? எனக்கு அண்ணன் கடைசி பத்து வருஷமாக வாட்ஸ்அப்பில் குரல் செய்திதான் அனுப்பினார்.

கடைசியில் நினைவுக்கு வந்தது கோயில் கமிட்டி மினிட்ஸ் நோட்டு. 2022, 2023 இரண்டு வருஷமும் அண்ணன்தான் செயலாளர். பக்கம் பக்கமாக அவர் கையால் எழுதிய தீர்மானங்கள். சாமி நோட்டைப் போலீஸில் கொடுக்கலாமா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். பூசாரித் தாத்தாதான், “அவன் பொண்டாட்டி மேல பழி விழுந்திருக்கு, அதை இறக்குறதுக்குத்தான் சாமி” என்று எடுத்துக் கொடுத்தார். எஸ்.ஐ. அதைப் புரட்டிப் பார்த்து, இதுதாம்மா வேண்டும் என்றபோது அந்த ஆறு வாரத்தில் முதல்முறையாக மூச்சு விட்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு தேவை வந்தால் நேராகச் சங்க நோட்டு, கோயில் நோட்டு, பஞ்சாயத்துக்கு எழுதிய மனுக்கள், இவற்றைத் தேடுங்கள். கடிதம் எழுதிய காலத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். அண்ணியின் மேல் குற்றச்சாட்டு இருந்ததால் அவருடைய கையெழுத்து மாதிரியும் தேவைப்பட்டது. கைது செய்யப்படாதவரிடமும் மாதிரி எழுத்து கேட்க மாஜிஸ்திரேட்டுக்குப் புதிய சட்டத்தில் அதிகாரம் உண்டு. அசல் கடிதத்தைக் காட்ட மாட்டார்கள். அதில் வரும் சொற்களை ஒருவர் வாசிக்க வாசிக்க எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுத் தாள். பார்த்து எழுதாமல், பழக்கத்தில் வரும் எழுத்து கிடைப்பதற்காக இந்த முறை. காரணம் சரிதான். ஆனால் இறந்த கணவர் தனக்கு எழுதிய கடைசி வார்த்தைகளை ஒரு பெண் நான்கு தடவை தன் கையாலேயே எழுதினாள். மூன்றாவது தாளில் பேனா நின்றுவிட்டது. பெண் காவலர் ஒருவர் தண்ணீர் கொடுத்து, மெதுவா எழுதுங்க அக்கா என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அன்றிலிருந்து அண்ணி தூங்கவில்லை. கண்ணில் இருந்த வெறுமையைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது, அண்ணனிடமும் அதைப் பார்த்திருந்தேன், அப்போது புரியவில்லை. இரவு பதினொரு மணிக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசினார்கள், அண்ணியிடமும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை. 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம். பேப்பருக்கு அலையும்போது வீட்டில் உயிரோடு இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள்.

கோர்ட் வழியாகக் கடிதமும் மாதிரிகளும் ஆய்வகத்துக்குப் போயின. அப்போது ஒரு கேள்வி வந்தது. கடிதம் எந்த நோட்டிலிருந்து கிழிக்கப்பட்டது, அந்த நோட்டு இருக்கிறதா? எனக்குத் திக்கென்றது. அது வீட்டு இலைக் கணக்கு நோட்டு. அதில் அண்ணி பால் கணக்கு எழுத ஆரம்பித்திருந்தார். ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். கிழித்த தாளுக்கு அடுத்த தாளில் எழுத மனம் வராமல், அதைத் திருப்பிவிட்டு அதற்கடுத்த தாளிலிருந்து தொடங்கியிருந்தார். அந்தத் தாள் அப்படியே வெறுமையாக இருந்தது.

இது யாருக்கும் தெரிவதில்லை. எழுதும்போது கீழே இருக்கும் தாளிலும் பேனாவின் அழுத்தம் பதியும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் அடித்தால் எழுத்துகள் எழும்பி வரும். அதனால் நோட்டையோ பேடையோ மூடி அப்படியே வைத்துவிடுங்கள். மேலே வைத்து ஒரு கோடு போட்டாலும் அது பதிந்துவிடும்.

ஐந்து மாதத்தில் அறிக்கை வந்தது. கடிதமும் மினிட்ஸ் நோட்டும் ஒரே கை, அண்ணியின் கை இல்லை. அதற்குப் பின் கோப்பு கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகம் வரை போய்த் திரும்பியது, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று எழுதி முடித்தார்கள். இன்சூரன்ஸில் ஒருவர், தற்கொலை என்றால் பணமே வராது என்று அண்ணியைத் திருப்பி அனுப்பியிருந்தார். அது பொய். ஆயுள் காப்பீட்டில், பாலிசி எடுத்தோ புதுப்பித்தோ 12 மாதம் தாண்டிவிட்டால் முழுத் தொகையும் தர வேண்டும். அண்ணனுடையது ஒன்பது வருஷப் பாலிசி. இறுதி அறிக்கையின் நகலோடு மறுபடி போய் நின்றேன், வாங்கிக்கொண்டார்கள்.

அசல் கடிதம் இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது, திரும்பப் பெற மனு போட்டிருக்கிறோம். ஆய்வக அறிக்கைக்கு நகல் மனு போட்டு வாங்கினேன். பிளாஸ்டிக் கவரில் ஊறிக் கலைந்த அந்த இரண்டு வரியில் என்ன இருந்தது என்று அண்ணி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். சித்தப்பாவுக்கு ஞாபகம் இல்லை, அவர் சரியாகப் படிக்கவே இல்லையாம். அண்ணனுக்கு அழுத்தி எழுதும் பழக்கம். அடுத்த தாளில் விழுந்த பதிவின் போட்டோ அறிக்கையோடு இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பேரும் எழுத்து எழுத்தாகப் படித்தோம். பாப்பாவுக்கு டிசம்பர் வரை ஸ்கூல் பீஸ் கட்டியாச்சு, ரசீது பீரோ மேல் தட்டில் இருக்கு.

அண்ணி எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். ரசீது அங்கேயே இருந்தது.